ஆவரங்குண்டில் வலி வாங்குகிறவர்கள்

மழை பொய்த்து, வேலிமரம் என்கிற சீமைக்கருவேல் மட்டும் தழைத்து, கரிசல் நிலம் வெடித்து வாய் பிளந்து கிடந்த ஒரு கோடையில், ஆவரங்குண்டு என்கிற ஊரில், கட்டை அடுக்கி மூடி எரித்த கரிமூட்டம் பிரிக்கும்போது புருசன் கையில் கங்கு விழுந்து அவன் துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், காளீஸ்வரி என்பவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு "தா, இங்கிட்டுத் தா" என்றாள். அவனும் பல்லைக் கடித்தபடி "இந்தா" என்றான். சொன்ன மாத்திரத்தில் அவன் கை வெந்தது வெந்தபடி இருக்க, எரிச்சல் மட்டும் அவள் கைக்குப் போய்விட்டது. அவள் கையில் ஒரு கொப்புளம் இல்லை, மருதாணிகூட மங்கவில்லை, ஆனால் அவள்தான் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கிக்கொண்டு அழுதாள். அவனோ தோல் உரிந்த கையால் பீடி பற்றவைத்து, மிச்சக் கரியை அள்ளி மூட்டை கட்டினான்.

அன்றிலிருந்து அந்த ஊரில் வலி கைமாறத் தொடங்கியது. ஏன் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். ஊருணியில் புதிதாக ஊற்றெடுத்த தண்ணீரின் குணம் என்றார்கள் சிலர், காற்றாலைக்குத் தோண்டிய குழியிலிருந்து ஏதோ வெளியே வந்துவிட்டது என்றார்கள் சிலர், அம்மன் செயல் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்கள் மற்றவர்கள். அதற்குள் மிளகாய்ப்பழம் பறிக்கிற காலம் வந்துவிட்டதால் காரணத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் காட்டுக்குப் போனார்கள்.

ஆனால் நடைமுறை என்று ஒன்று வேண்டுமே, அதை ஊர் தானாகவே உண்டாக்கிக்கொண்டது. கையோடு கை சேரவேண்டும், கொடுக்கிறவர் "இந்தா" என்று சொல்லவேண்டும், வாங்குகிறவர் "தா" என்று சொல்லவேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் வலி இருந்த இடத்தைவிட்டு அசையாது. மினிபஸ் ஓட்டுகிறவரிடம் வண்டி ஓடும்போது யாரும் வலி கொடுக்கக்கூடாது, விவரம் தெரியாத குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் ஆனது. வெளியூர்க்காரருக்கு வலி போகாது என்றும் தெரிந்துகொண்டார்கள். ஒரு கண்டக்டரிடம் தலைவலியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அது நகரவில்லை. உள்ளூரிலேயே பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளை வலி வாங்குவாரா என்று கேட்கிற பழக்கம் வந்தது. மனைவியின் பிரசவ வலியை வீராப்பாக வாங்கி, பாதியில் தாங்காமல் திருப்பிக் கொடுத்த ஒருவருக்குப் 'பாதிப்பிரசவம்' என்று பெயர் விழுந்து, அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் மிஞ்சியது. வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு நட்டநடுக் காட்டில் கல்லடைப்பு வலி வந்து உருண்டபோது, பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் மற்றவரே போய் வாங்கிக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் கும்பிட்ட கையோடு எல்லோருடைய கையையும் பிடிக்க வந்தபோது, அவருக்கு வலி ஒட்டாது என்று தெரிந்திருந்தும், பழக்கதோஷத்தில் ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அவர் கோபித்துக்கொண்டு போனார்.

இப்படி எல்லாம் நிலைப்பட்டு, யாருக்கும் இது அதிசயமாகத் தோன்றாமல் போன பிறகுதான் டாக்டர் நித்திலா அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளாட்டுக்குட்டிக்கும் செம்மறிக்குட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடமாட்டாள். கல்லூரியில் உடற்கூறு வகுப்பில் பிணம் அறுக்கிற பாடம் முடிந்து எல்லோரும் கேண்டீனுக்குப் போன பிறகும் ஒரு நரம்பு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள்.

அவளுடைய முதல் நோயாளி மாரித்தங்கம் என்கிற பெண். ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றமுடியாமல், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வியர்த்து வடிய வந்தாள். தேள்கடி என்றாள். நித்திலா டார்ச் அடித்துப் பாதம் முழுக்கத் தேடினாள். கடிவாய் இல்லை, சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. எங்கே கொட்டியது என்று கேட்டதற்கு, மாரித்தங்கம் வலியோடு வலியாக, கொட்டியது தன்னையல்ல, தண்ணி லாரி ஓட்டுகிற வீட்டுக்காரரை என்றும், அவர் இன்றைக்கு லோடு அடித்தாக வேண்டும் என்பதால் தான் வாங்கிக்கொண்டு வந்ததாகவும் சொன்னாள்.

நித்திலா, பக்கத்தில் நின்ற நர்ஸ் ஞானபுஷ்பத்தைப் பார்த்தாள். ஞானபுஷ்பம் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, இங்கே அப்படித்தான் மேடம், இங்கே கேஸ் எழுதும்போது முதலில் 'யாரோட வலி' என்று கேட்டுக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் ஆள் மாறிப்போகும் என்றாள், ஏதோ நடுவாசல் கதவு சரியாகச் சாத்தாது, கொஞ்சம் தூக்கிச் சாத்தவேண்டும் என்று சொல்கிற மாதிரி.

நம்புவதா வேண்டாமா என்று நித்திலா அதிக நேரம் யோசிக்கவில்லை. வலி இங்கே இருக்கிறது என்றால் விஷம் எங்கே இருக்கிறது என்கிற கேள்விதான் அவளுக்கு முதலில் வந்தது. ஆளை விட்டு லாரியை மறித்துக் கூட்டிவரச் சொன்னாள். மாரித்தங்கத்தின் புருசன் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். கை கால் சில்லிட்டிருந்தது, சட்டை நனைந்திருந்தது, நாடி தறிகெட்டு ஓடியது. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே நித்திலா அவரைப் படுக்கவைத்து இதயத்துக்கான மருந்தைக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் அவர் தேறிவிட்டார். வலி கைமாறும், நோய் கைமாறாது: இதுதான் ஆவரங்குண்டில் அவள் படித்த முதல் பாடம், அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு அவள் விடவில்லை. வலி மாத்திரையை வலி வாங்கியவருக்குக் கொடுத்தால்தான் கேட்கிறது, கிருமிக்கான மாத்திரையை நோய்க்காரருக்குக் கொடுத்தால்தான் கேட்கிறது என்று கண்டுபிடித்தாள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "இது ஒனக்கு, இது ஒங்க மாமனாருக்கு" என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கமானது. பல்வலி மட்டும் ஏன் வாங்கினவர் வாயில் வேறு பல்லுக்குப் போய் உட்காருகிறது, பல்லே இல்லாதவர் வாங்கினால் எங்கே வலிக்கும், வாங்கிய வலி தூங்கும்போது கனவில் வருமா என்றெல்லாம் அவள் கேட்கக் கேட்க, ஊர்க்காரர்களுக்கும் அதுவரை தோன்றாத ஒரு ஆர்வம் தொற்றிக்கொண்டது. டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் பல்வலியை மற்றவருக்கு மாற்றிப் பார்த்து, மறுநாள் வந்து அவளிடம் விவரம் சொன்னார்கள். பல் இல்லாதவருக்கு ஈறில் வலிக்கிறதாம்.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு ஒன்று கண்ணில் பட்டது. காலையில் நீண்டு நிற்கிற வரிசையில் இருப்பதெல்லாம் பெண்கள். புருசனின் முதுகு, மாமனாரின் மூச்சுப்பிடிப்பு, படிக்கிற மகனின் தலைவலி, வெளிநாட்டிலிருந்து வந்த கொழுந்தனின் தோள்பட்டை என்று ஒவ்வொருத்தியும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சிலர் இரண்டு மூன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் டீக்கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். உங்க வலியை யார் வாங்குவாங்க என்று நித்திலா வரிசையைப் பார்த்துக் கேட்டபோது, அப்படி ஒரு கேள்வியே இருக்கிறதா என்கிற மாதிரி ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். ஞானபுஷ்பத்திடம் கேட்டாள். அவள் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு, இது எங்க வீட்டு சாருக்குச் சேர்ந்தது மேடம், கல்யாண நாளுக்கு வாங்கினேன், இன்னும் திருப்பிக் கேட்கவில்லை என்றாள்.

அவள் வந்த பத்தாம் மாதம், ஆவணியில் ஒரு காலைப்பொழுது, வேலுத்தாய் என்கிற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்த நடையாக வந்து சேர்ந்தாள். கரிமூட்டம் போடுகிற அரியமுத்துவின் மனைவி. நாற்பதைத் தொட்டிருப்பாள். வேலிக்கட்டை சுமந்து சுமந்து தோள் இறுகிப்போன உடம்பு. வலி தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலதுபக்கம் அடிவயிற்றில் இறங்கி நிற்கிறது என்றாள். நித்திலாவுக்குப் புத்தகத்தின் பக்கமே கண்ணில் தெரிந்தது. ஆனால் படுக்கவைத்து வயிற்றை அழுத்தினால் அது பஞ்சு மாதிரி அமுங்கியது. காய்ச்சல் இல்லை. நாக்கு ஈரமாக இருந்தது.

"இது யாரோட வலிக்கா?"

"எனக்குள்ளதுதான்."

"உங்க வயிறு நல்லாயிருக்கு. வலி மட்டும்தான் இருக்கு. யாரு கொடுத்தா?"

"எனக்குள்ளதுன்னு சொல்லுதேன்ல டாக்டரம்மா. வலிக்கு ஊசி போடுங்க, நான் போறேன்."

நித்திலா மறுபடி கேட்டதும் வேலுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். நித்திலா, ஆள் அனுப்பி அரியமுத்துவைப் பார்க்கச் சொன்னாள். அவர் மூட்டத்தில் நன்றாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாமியாரையும் பார்த்தாகிவிட்டது, அவருக்கும் ஒன்றுமில்லை. ஊருக்குள் இல்லாத ஒருவருடைய வலி அது என்று தோன்றியது. அந்த ஒருவர் எங்கேயோ ஒரு வலியும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போது நித்திலாவுக்கு வரிசையில் நின்ற மற்றவர்களைப் பார்க்கவே மனம் ஓடவில்லை.

அப்புறம் அது நடந்தது. வேலுத்தாய் படுக்கையில் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, "நின்னுபோச்சு டாக்டரம்மா. சுத்தமா நின்னுபோச்சு. ஊசிகூடப் போடல" என்றாள்.

நித்திலா சிரிக்கவில்லை. வலதுபக்க அடிவயிற்று வலி அப்படித் திடீரென்று நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வேலுத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அக்கா, குடல்ல வால் மாதிரி ஒண்ணு இருக்கும். அது வீங்கி இவ்வளவு நேரம் வலிச்சுது. இப்ப அது வெடிச்சிருச்சு. அதான் வலி நின்னுருக்கு. கொஞ்ச நேரத்துல சீழ் வயிறு முழுக்கப் பரவும். இந்த வலிக்குச் சொந்தக்காரங்க யாரா இருந்தாலும், இன்னைக்கே ஆபரேசன் பண்ணலன்னா பிழைக்கமாட்டாங்க."

வேலுத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். உதடு கோணியது. "எம்மக ஓடிக்கிட்டு இருக்கா" என்றாள்.

மகள் சுபிதா போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, அன்றைக்கு டவுன் மைதானத்தில் ஓட்டப் பரிட்சைக்குப் போயிருந்தாள். இரண்டு வருஷமாக ஓடைக்கரையில் விடியுமுன் ஓடிப் பழகியவள். பஸ் ஏறப் போகும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள், தாய் கையைப் பிடித்து "தா" என்றாள், மகள் யோசித்துவிட்டு "இந்தா" என்றாள், அவ்வளவுதான். சொன்னால் டாக்டரம்மா ஓடவிடமாட்டாங்க என்று நினைத்துத்தான் சொல்லவில்லை என்று வேலுத்தாய் சொல்லி முடிப்பதற்குள் நித்திலா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டாள். மைதானத்துக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் சுபிதாவைக் கூப்பிட வழியில்லை. நேரில்தான் போகவேண்டும். வரிசையை ஞானபுஷ்பத்திடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் ஏறினார்கள்.

டவுன் எல்லை வருவதற்கு முன்னாலேயே வலி திரும்பி வந்தது. இப்போது அது ஒரு மூலையில் நிற்கவில்லை, வயிறு முழுவதும் பரவி, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் வேலுத்தாய் மூச்சு நின்று மீள்கிற அளவுக்கு இருந்தது. கண் செருகத் தொடங்கியது. இவள் மயங்கிவிட்டால் அங்கே மகளை யார் அடையாளம் காட்டுவது, யார் பேசிச் சம்மதிக்க வைப்பது என்று நித்திலா யோசித்தாள். அதைவிட, கண்முன்னால் ஒருத்தி இப்படித் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. கையைப் பிடித்தாள்.

"தாங்க" என்றாள்.

வேலுத்தாய் தலையை ஆட்டினாள். வெளியூர்க்காரங்களுக்குப் போகாது என்று முனகினாள். நித்திலா மறுபடியும் "தாங்கக்கா" என்றாள். அந்தத் தாய்க்கு எதைக் கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இல்லை. "இந்தா" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

அது போனது. ஊருணித் தண்ணீரைப் பத்து மாதமாகக் குடித்ததாலா, வேறு எதனாலா என்று நித்திலாவுக்கு யோசிக்க நேரம் இல்லை. வயிற்றுக்குள் யாரோ கொதிக்கிற தண்ணீரைக் கவிழ்த்தது போல இருந்தது. அதோடு கூடவே முதுகில் ஒன்று, முழங்காலில் ஒன்று, இன்னும் என்னென்னவோ வந்து அவள் உடம்பில் இடம் பிடித்து உட்கார்ந்தன. வேலுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்து, எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் வெறும் உடம்போடு இருக்கிறவள் மாதிரி, தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மைதானத்தில் ஓட்டம் முடிந்திருந்தது. சுபிதா தேறிவிட்டாள். நீளம் தாண்டுவதற்குக் கூப்பிடுவார்கள் என்று வேப்பமரத்தடியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கன்னம் காய்ச்சலில் சிவந்து, கண் பளபளவென்று இருந்தது. பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததை பயத்தில் வந்தது என்று நினைத்திருந்தாள். தாயும் டாக்டரும் காவலரிடம் கெஞ்சி உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்கு எங்கயும் வலிக்கல. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. தாண்டிட்டு வாறேன்."

தாய் அழுது பார்த்தாள், காலில் விழப் போனாள். அவள் அசையவில்லை. வலிக்காத உடம்பைச் சாகப்போகிற உடம்பு என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள். நித்திலா, மரத்தைப் பிடித்துக்கொண்டு, பேசக்கூட முடியாமல் நின்றவள், கையை நீட்டினாள். அப்படி ஒன்றைச் செய்யலாமா என்று அவள் படித்த எதிலும் இல்லை.

"இந்தா. ஒரே ஒரு மூச்சு நேரம் வாங்கிப் பாரு. அப்புறம் உன் இஷ்டம். நான் தடுக்கமாட்டேன்."

சுபிதா அந்தக் கையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். நீளம் தாண்டுகிற மணல் குழியைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து "தா" என்றாள்.

அவள் கத்தவில்லை. மடங்கி உட்கார்ந்தாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. "இதையா வச்சிக்கிட்டு இருந்த" என்று தாயைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். நித்திலா உடனே அவள் கையிலிருந்து வலியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சுபிதா மணல் குழியைத் திரும்பிப் பார்க்காமல் ஆம்புலன்ஸை நோக்கி நடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த அறுவை மருத்துவர் வயசாளி, கைராசிக்காரர். சுபிதாவைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது, ஆனால் பெண் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. சந்தேகத்தோடு அடிவயிற்றில் விரலை அழுத்தி, சட்டென்று எடுத்தார். அந்தக் கணத்தில், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நித்திலா சுவரில் சாய்ந்து அலறினாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடியும் அழுத்தி எடுத்தார். மறுபடியும் அவள்தான் அலறினாள். நீங்கள் எந்த ஊரில் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆவரங்குண்டு என்றாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் ஆபரேசனுக்குக் கையைக் கழுவப் போனார்.

சுபிதாவுக்கு மயக்க மருந்து ஏறி, வலி கிளம்புகிற இடமே மரத்துப்போனபோது வெளியே பெஞ்சில் இருந்த நித்திலாவின் வயிற்றிலிருந்து வலி தண்ணீர் வடிவது போல வடிந்துபோனது. சுபிதா பிழைத்தாள். அந்த வருஷத்துப் போலீஸ் வேலை போய்விட்டது. வீடு திரும்பிய பிறகும் கொஞ்ச நாள் அவள் டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, தாயிடமும் பேசவில்லை. அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

ஊர் கூடிப் பேசியது. வலி வாங்குவதை நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். அது எப்படி முடியும், கண்ணெதிரே ஒருத்தர் துடித்தால் கை தானாக நீளாதா என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், வலியை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும்போது வலிக்குச் சொந்தக்காரரும் கூடவே வந்தாகவேண்டும் என்று முடிவானது. மறுநாளிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் ஆண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பக்கத்தில் மனைவிமார் முனகிக்கொண்டிருக்க, ஒன்றும் வலிக்காத அவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நாளில், எதற்கு இந்தச் சங்கடம் என்று பலர் தங்கள் வலியைத் தாங்களே வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். டீக்கடையில் முனகல் கேட்டது.

நித்திலாவுக்கு வேறு வேலை இருந்தது. வேலுத்தாயிடமிருந்து வந்தவற்றில் மகளின் வலி ஒன்றுதான் போயிருந்தது. மற்றவை அவள் உடம்பிலேயே இருந்தன. பண்டிகைக்கு அக்கம்பக்கத்திலிருந்து வந்த பலகாரத்தில் எது எந்த வீட்டுப் பண்டம் என்று பிரிக்கிற மாதிரி அவற்றைப் பிரித்து, உரியவர்களிடம் கொண்டுபோனாள். முழங்கால் வலி மாமியாருடையது. அந்த அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் கொடுக்கும்போது இது இத்தனை பெரிசா இல்லையே, வளர்ந்திருக்கே என்று அதிசயப்பட்டார். முதுகுவலி அரியமுத்துவுடையது. மூட்டத்தடியில் நின்று அதை வாங்கியதும் அவர் கரி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்; வெகுநேரம் எழவில்லை. பிறகு அவரே வாராவாரம் பெஞ்சுக்கு வந்தார், பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்தபடி.

எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகும் ஒன்று மிஞ்சியது. அது கூர்மையான வலி இல்லை, பாரம். இடுப்புக்குக் கீழே, உள்ளே இருந்து ஏதோ நழுவி இறங்குகிற மாதிரி ஒரு இழுப்பு. காலையில் தெரியாது, நின்றுகொண்டே நோயாளிகளைப் பார்த்தால் மத்தியானத்துக்குள் கால் சேர்த்து உட்காரச் சொல்லும். நித்திலா வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். எந்த வீட்டிலும் யாரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை. அது கருப்பை இறங்குகிற நோய் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் அதைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது அது என்ன செய்யும் என்று இப்போதுதான் தெரிந்தது.

சுபிதாவின் தையல் ஆறியதைக் காட்ட வேலுத்தாய் மகளோடு வந்த அன்று, நித்திலா மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, அவளை மேசைமேல் படுக்கச் சொன்னாள். வேலுத்தாய் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒண்ணுமில்லையே என்றாள். நித்திலா கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலுத்தாய்க்குக் காது மடல் சிவந்தது.

"அது எப்படி வெளிய சொல்லுறதுன்னு தெரியல டாக்டரம்மா. இவளப் பெத்ததுல இருந்து இருக்கு. பச்ச உடம்போட கட்டை தூக்கப் போயிட்டேன். யார்ட்டயும் சொன்னதில்ல. வலியாருந்தா யாருட்டயாவது கொடுக்கலாம். இதப் போயி..."

"சொல்ல வேண்டாம்க்கா. எனக்குத் தெரியும். இத்தனை நாளா அதோடதான் நான் நடக்கிறேன்."

வேலுத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் வெட்கம், பிறகு திகைப்பு, அதற்கப்புறம் மெதுவாக வேறு ஒன்று அவள் முகத்தில் வந்தது. ஊர் முழுக்கத் தேடினாலும் இதைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடைக்கமாட்டார் என்று இருந்தவளுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

"நிக்கையில கூடுதா?" என்று கேட்டாள்.

"நிக்க முடியல. மத்தியானம் ஆனா உயிர் போகுது."

"குடத்த இடுப்புல வச்சா?"

"வாளியையே தூக்க முடியல. குடம் வேறயா."

"தும்மும்போது?"

"அதை ஏன் கேக்குறீங்க" என்றாள் நித்திலா.

வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள், நித்திலா சிரிக்கமுடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவதைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தாள். ஆமா, சிரிச்சாலும் அப்படித்தான், நான் எத்தனை வருசமா சத்தம் போட்டுச் சிரிக்காம இருக்கேன் தெரியுமா என்றாள். பிறகு, அது என் பண்டம், திருப்பிக் கொடுத்துருங்க என்று கையை நீட்டினாள். உங்க ஆபரேசன் முடியட்டும், அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும் என்று நித்திலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேலுத்தாய் கொஞ்ச நேரம் நீட்டிய கையோடு நின்றாள். பிறகு மேசைமேல் ஏறி, சேலையைத் தளர்த்திக்கொண்டு, படுத்தாள்.